சிவப்புச் சட்டைக்காரனும் புளியந்தீவுக் கோட்டையும்

செட்டிபாளையத்தில் கோட்டை கிடையாது. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே கல்முனை வீதி, வீதியின் இரு மருங்கும் தென்னை வளவுகள், அவற்றுக்கு நடுவே கண்ணகை அம்மன் கோயில். ஊர் என்றால் இவ்வளவுதான். வெளியூர்க்காரரைக் கூட்டிப்போய் “இதுதான் எங்கள் சரித்திரம்” என்று கைகாட்ட ஒரு பழங்கல் கிடையாது. ஆனால் கண்ணகை குடிகொண்ட ஊர்களை வரிசையாகச் சொல்லும் காவியப் பாட்டில் எங்கள் ஊர்ப் பெயரும் வரும். வைகாசிச் சடங்குக்குக் கோயில் கதவு திறந்து, கண்ணகை வழக்குரை படித்து, அம்மனைக் குளிரச்செய்யும் குளிர்த்தி பாடி முடியும்வரை ஊருக்கு வேறு சிந்தனை இராது. கோட்டை பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறி வடக்கே மட்டக்களப்புக்குப் போய்ப் புளியந்தீவில் இறங்க வேண்டும்.

குளிர்த்திக்கென்று ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த என் அக்காவின் மகன் வந்த மறுநாளே கோட்டையைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிட்டான். அவனுக்குக் கோட்டைதான் தொழில். பல்கலைக்கழகம் மூடிக் கிடக்கும் கோடை மாதங்களில் ரொறன்ரோ நகருக்குள் இருக்கும் யோர்க் கோட்டையில் சிப்பாய் வேடம் கட்டி, வருகிறவர்களுக்குச் சரித்திரம் சொல்கிறான். மணிக்கணக்கில் சம்பளம். “வேசம் கட்டுறதுக்குக் காசு குடுக்கிறானுகளா?” என்று என் அம்மா, அவனுக்குப் பெத்தா, நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்டார். கூத்தாடுவதற்குக் கைக்காசைச் செலவழித்த மனிதர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார்.

அந்த வேலையைப் பற்றி அவன் சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன். யோர்க் கோட்டையை 1793இல் சிம்கோ என்ற பிரித்தானிய அதிகாரி தொடக்கிவைத்தார். 1813 ஏப்ரல் 27 அன்று அமெரிக்கப் படை ஏரி வழியாக வந்து இறங்கியது. எதிர்த்து நிற்க முடியாத பிரித்தானியர் பின்வாங்கும்போது வெடிமருந்துக் களஞ்சியத்தைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். கல்லும் மரமும் வானத்துக்குப் பறந்து விழுந்ததில் அமெரிக்கத் தளபதி செபுலோன் பைக் மாண்டுபோனார். 1934 முதல் அந்த இடம் அருங்காட்சியகம். அந்தக் காலத்தில் ஒன்ராறியோ ஏரி மதிலுக்குக் கீழேயே இருந்ததாம். பிறகு கரையை நிரப்பி நிரப்பி ஏரியைத் தள்ளி வைத்துவிட்டார்கள். இப்போது கோட்டைக்குப் பக்கத்தில் ஓடுவது பெருஞ்சாலை, சுற்றி நிற்பது மாடிக் குடியிருப்புகள்.

அங்கே ஆடி மாத வெயிலில் இவன் சிவப்புக் கம்பளிச் சட்டை போட்டு நிற்பான். கழுத்தைச் சுற்றி விறைத்த தோல்பட்டை, தலையில் உயரத் தொப்பி, தோளில் ஐந்து கிலோவுக்குக் கிட்டக் கனக்கும் நீளத் துப்பாக்கி. பழகிய சிப்பாய் அந்தத் துப்பாக்கியால் நிமிடத்துக்கு மூன்று தரம் சுடுவான். மருந்துப் பொட்டலத்தைப் பல்லால் கிழிப்பது, கொட்டுவது, இடிப்பது, குறிபார்ப்பது என்று ஒவ்வொன்றுக்கும் கட்டளை உண்டு. இவனுடைய குழு குண்டில்லாமல் வெறும் மருந்தை வெடிக்கும். சத்தம் கேட்டுக் குழந்தைகள் அழும், பெரியவர்கள் கைதட்டுவார்கள். பிறகு கேள்வி கேட்பார்கள். வியர்க்கவில்லையா? துப்பாக்கி நிசமானதா? இங்கே ஆவி உலாவுமா? எல்லாவற்றிலும் அதிகம் வரும் கேள்வி, மலசலகூடம் எந்தப் பக்கம் என்பது.

“அதுக்கும் சிப்பாய் மாதிரித்தான் பதில் சொல்லணுமா?” என்று கேட்டேன்.

“இல்ல மாமா, அதுக்கு மட்டும் இந்தக் காலத்து ஆளா மாறிடலாம்.”

இந்த வேலையில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தானே அந்தக் காலத்து ஆளாகிவிடுவது. 1813க்குப் பிறகு நடந்த எதுவும் தெரியாதவன்போலப் பேச வேண்டும், கைப்பேசியைக் கண்டால் விழிக்க வேண்டும். மற்றது, வேடம் பழையதாகவும் பேச்சு இன்றையதாகவும் இருப்பது. “அவர்கள் இப்படிச் செய்தார்கள்” என்று எட்ட நின்று சொல்வது. இவனுக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறதாம். முதலாவதில் பொய் கூடிவிடும் என்கிறான். எனக்கு அது சரியென்றே பட்டது. இருபது வயதுப் பையன் இறந்துபோனவனின் வாயால் பேசுவதைவிட, இறந்துபோனவனைப் பற்றி விளங்கிப் பேசுவது நேர்மை.

அவன் சொன்ன இன்னொரு விவரம் எனக்கு உள்ளே போய்த் தங்கிவிட்டது. அந்தக் காலப் பிரித்தானியப் படையில் நூறு சிப்பாய்களுக்கு ஆறு மனைவிமார் என்ற கணக்கில்தான் படையோடு இருக்க அனுமதித்தார்கள். அந்த ஆறு பெண்களும் பாராக்கிலேயே, ஆண்கள் படுக்கும் அதே கூடத்தில், ஒரு துணியைத் தொங்கவிட்டுக் குடித்தனம் நடத்தினார்கள். நூறு பேரின் சட்டையைத் துவைத்தார்கள். பீரங்கியைப் பற்றிக் கேட்டுக் கொட்டாவி விட்டவர்கள்கூட இந்தத் துணித் திரையின் கதையைச் சொன்னால் நின்று கேட்பார்களாம்.

புறப்படுகிற அன்று காலை அம்மா அவனுக்குப் பிட்டும் எருமைத் தயிரும் வைத்துக்கொண்டே, “கோட்டைக்கா போறயள்? கச்சேரியில என்ன அலுவல் மனே?” என்றார்.

எங்கள் பக்கத்துச் சனங்களுக்குக் கோட்டை என்பது அதுதான். பல தலைமுறையாக மாவட்ட அரச அலுவலகமான கச்சேரி அந்த மதிலுக்குள்தான் இயங்கியது. காணி அனுமதிப் பத்திரத்துக்கு, ஓய்வூதியத்துக்கு, சூறாவளிக்குப் பிறகும் சுனாமிக்குப் பிறகும் நிவாரணத்துக்கு, யுத்தத்தில் இழந்தவற்றுக்கு இழப்பீடு கேட்டு என்று ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் கடுதாசிக் கட்டோடு அந்த வளைவு வாசலுக்குள் நுழைந்திருக்கிறார். வளைவை நிமிர்ந்து பார்க்க அவர்களுக்கு நேரம் இருந்ததில்லை. நானும் கடுதாசியோடுதான் போயிருக்கிறேன். வெறுங்கையோடு, பார்ப்பதற்கென்றே போவது புது அனுபவமாக இருந்தது.

பஸ் குருக்கள்மடத்தைத் தாண்டியது. அங்கேயிருந்து அம்பிளாந்துறைக்குப் பாதை ஓடும். மிதவை மேல் பலகை அடித்து, மோட்டார் சைக்கிளையும் நெல் மூட்டையையும் மனிதரையும் சேர்த்து ஏற்றி வாவியைக் கடக்கும் அந்த வாகனத்துக்கு எங்கள் ஊரில் பாதை என்றே பெயர். கடல் பக்கம் எழுவான்கரை, வாவிக்கு அப்பால் படுவான்கரை. வயலெல்லாம் அந்தக் கரையில். இரு கரைக்கும் நடுவே நெல்லும் மனிதரும் தண்ணீர் வழியாகப் போய்வந்த இந்தப் பழக்கம் எந்தக் கோட்டைக்கும் முந்தியது. கோட்டை கட்ட வந்தவர்கள் இதைப் பார்த்துத்தான் இடம் பிடித்தார்கள். கடலிலிருந்து வாவிக்குள் நுழைகிறவன் நகரை அடையும் இடத்தில் ஒரு தீவு, அந்தத் தீவின் முனையில் கோட்டை. படுவான்கரை நெல்லின் வாய் அது.

ஆரையம்பதி கழிந்து காத்தான்குடி வந்தது. வீதி நடுவே நட்டிருக்கும் பேரீச்ச மரங்களை மருமகன் படம் பிடித்தான். மேற்குக் கரையிலிருந்து போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களுக்கு, ஏறத்தாழ 4,000 பேருக்கு, 1626இல் கண்டி அரசன் செனரத் மட்டக்களப்புப் பக்கத்தில் இடம் கொடுத்தான் என்பதைச் சொன்னேன். “அப்ப கோட்டை இருந்ததா?” என்றான். இல்லை, கோட்டை வந்தது இரண்டு ஆண்டு கழித்து. அவன் அதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டான். அவன் தொழிலில் எது முந்தி, எது பிந்தி என்பதுதான் அரிச்சுவடி.

கல்லடியில் புதுப் பாலத்தின் மேல் பஸ் போக, பக்கத்திலேயே 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலம் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. கச்சான் காற்று வாவியைச் சுருக்கம் சுருக்கமாக மடித்துக்கொண்டிருந்தது. பாடும் மீனைப் பற்றி அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மட்டக்களப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அதைச் சொல்லிவிட்டார்கள்.

கோட்டையை உள்ளே போய்ப் பார்ப்பதற்கு முன் அக்கரையில் நின்று பார்க்க வேண்டும். பஸ் நிலையத்துக்குக் கிட்ட, காந்திப் பூங்காவின் ஓரம், 1814இல் வந்து அடுத்த ஆண்டே இறந்துபோன மெதடிஸ்தப் பாதிரியார் வில்லியம் ஓல்ட்டின் சிலை நிற்கும் பக்கத்திலிருந்து பார்த்தால், தண்ணீருக்கு மேல் சாம்பல் நிறமாக ஒரு மதில், மதிலுக்கு மேல் மரங்கள், மரங்களுக்கு நடுவே ஓட்டுக் கூரைகள். நாற்கோணம், மூலைக்கொரு கொத்தளம். இரண்டு பக்கம் வாவியே காவல், மற்ற இரண்டு பக்கமும் அகழி. காலியின் கோட்டையையோ யாழ்ப்பாணத்துக் கோட்டையையோ மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். இது சின்னது. மருமகனுக்கோ அந்தச் சின்னத்தனம்தான் பிடித்தது. “சுத்திக் காட்ட ஒரு மணித்தியாலம் போதும் மாமா. சனம் களைக்காது.”

வாசலில் வளைவுக்கு அடியில் நிழல். சுவரில் ஒல்லாந்தக் கம்பனியின் மூன்றெழுத்து முத்திரை. அவன் முத்திரையைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தான். பிறகு வளைவுக்குக் கீழே அங்குமிங்கும் நின்று மெல்லக் குரல் கொடுத்துப் பார்த்தான். எந்த இடத்தில் நின்றால் குரல் முட்டித் திரும்புகிறது, எத்தனை பேரை நிழலில் நிறுத்தலாம், பின்வரிசைக்கு முகம் தெரியுமா என்று. காவலாளி எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். “கனடாப் புள்ள” என்றேன். அந்த ஒரு விளக்கம் அவருக்குப் போதுமாக இருந்தது.

மேலே கொத்தளத்தில் பீரங்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த இடத்துக்குச் சொல்லவேண்டிய கதையை நான் சொன்னேன். 1602 மே 31 அன்று ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தன் மட்டக்களப்புக் கரைக்கு வந்தான். அவனுடைய மூன்று கப்பல்களுக்கும் ஆட்டுக்கடா, செம்மறி, ஆட்டுக்குட்டி என்று பெயர். ஐரோப்பியன் என்றால் போர்த்துக்கேயன்தான் என்று பழகிப்போன நம்மவர்கள் முதலில் அவனையும் சந்தேகித்தார்கள். அவன் கண்டிக்குப் போய் விமலதர்மசூரிய அரசனைப் பார்த்துச் சிநேகம் பிடித்தான். அவனுக்குப் பின்னால் செபால்ட் டி வேர்ட் வந்தான். சேர்ந்து போர்த்துக்கேயரை அடிப்பது என்று பேச்சு. ஆனால் கடலில் பிடித்த போர்த்துக்கேயரை அவன் விட்டுவிட்டான். அரசனுக்கு ஆத்திரம், வார்த்தை தடித்தது, இந்தக் கரையிலேயே அவனும் ஆட்களும் வெட்டுப்பட்டுப் போனார்கள்.

கண்டி அரசன் கடல் வழியாக வேறு யாரோடும் சேரக்கூடாது என்பதற்காகப் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா திருகோணமலையில் 1624இலும் இங்கே 1628இலும் கோட்டை போட்டான். மலைநாட்டரசனின் கடல் வாசல்களுக்குப் பூட்டு. பூட்டிய டி சா இரண்டு ஆண்டில் மலைநாட்டுப் போரில் செத்தான். பூட்டு இன்னும் எட்டு ஆண்டு நின்றது. 1638 மே 18 அன்று வெஸ்டர்வோல்ட்டின் ஒல்லாந்தர் படையும் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களும் சேர்ந்து கோட்டையைப் பிடித்தார்கள். இலங்கையில் ஒல்லாந்தர் கைப்பற்றிய முதல் போர்த்துக்கேயக் கோட்டை இதுதான். ஐந்து நாள் கழித்து, மே 23 அன்று, இங்கேயே ஒப்பந்தம். ஒல்லாந்தர் போர் செய்வார்கள், அரசன் கறுவாவும் மிளகும் மெழுகும் கொடுத்துச் செலவை அடைப்பான், வாணிபம் முழுக்க ஒல்லாந்தருக்கு. பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை நிற்பது அரசன் விரும்பினால் மட்டுமா, எப்போதுமா என்ற இடத்தில் இரு தரப்புப் பிரதிகளும் ஒத்துப்போகவில்லை. 1640இல் நீர்கொழும்பும் காலியும் விழுந்தபோது ஒல்லாந்தர் அவற்றை விடவில்லை. அதே ஆண்டு அவர்களின் தளபதி கொஸ்டர் கண்டியில் சண்டை பிடித்துவிட்டு மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் கொல்லப்பட்டான். திருகோணமலையையும் மட்டக்களப்பையும் அரசனிடம் கொடுத்தவர்கள் 1660களின் பிற்பாதியில் திரும்ப வந்து நிலைத்துவிட்டார்கள். 1766இல் கரை முழுவதையும் எழுதி வாங்கினார்கள். 1795இல் இந்தக் கோட்டை ஆங்கிலேயன் கைக்குப் போனது.

“ஆங்கிலேயன் எண்டா சிவப்புச் சட்டையா, மாமா?”

“சிவப்புச் சட்டைதான். சென்னையிலிருந்து வந்த படை.”

அவன் சிரித்தான், பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. அவன் கோடைக்குக் கோடை போட்டுக்கொள்ளும் சட்டையின் இனம்தான் இந்த வாசலுக்குள் நுழைந்து கோட்டையை வாங்கியது. ரொறன்ரோவில் அந்தச் சட்டைக்குள் ஒரு மட்டக்களப்பான் நிற்பதைப் பார்த்து யாரும் வியப்பதில்லையாம். சீனப் பிள்ளையும் நைஜீரியப் பிள்ளையும் பக்கத்தில் அதே சட்டையில் நிற்கிறார்கள். அங்கே சண்டை முடிந்து இருநூறு ஆண்டாகிவிட்டது. அமெரிக்கனும் கனடாக்காரனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, யார் வென்றார் என்று வேடிக்கையாகத் தர்க்கம் பண்ணலாம். ஒருவரும் வீட்டுக்குப் போய் அழமாட்டார்கள்.

இங்கே சரித்திரம் சொல்கிறவனுக்கு அந்த வசதி இல்லை. இந்த நாட்டில் ஒரு பழைய செங்கல் அகப்பட்டால் அது யாருடையது என்று கேட்டு மூன்று பேர் வந்து நிற்பார்கள். போர்த்துக்கேயனையும் ஒல்லாந்தனையும் பற்றிப் பேசும்வரை எல்லாரும் தலையாட்டுவார்கள், ஏனென்றால் அவர்கள் எல்லாருக்கும் பொதுவான அந்நியர்கள். அவர்கள் வந்தபோது கரையில் நின்றவர் யார், யாருக்கு யார் உறவு, யாருடைய வயல் என்று ஒரு அடி உள்ளே வைத்தால் குரல்கள் உயரும். 1980களுக்குப் பிறகு இந்தக் கரையில் நடந்ததை எடுத்தால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் நம்முடைய பழைய இடங்களில் அறிவிப்புப் பலகைகள் பெரும்பாலும் வெள்ளைக்காரனின் பெயரையும் ஆண்டையும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கின்றன என்று நினைக்கிறேன். பயம்தான் அப்படி எழுத வைக்கிறது.

ஆகவே இங்கே ஒருவன் வேடம் கட்டி நிற்பதானால் எந்த வேடம் என்பதுதான் முதல் கேள்வி. ஒல்லாந்தச் சிப்பாய் என்றேன், பேச்சுக்கு. கறுப்புத் தொப்பி, வெள்ளைக் கழுத்துப் பட்டி, உல்லாசப் பயணிகள் படம் எடுப்பார்கள்.

அவனுக்கு அது பிடிக்கவில்லை. அமெரிக்காவின் வில்லியம்ஸ்பேர்க் நகரத்தின் கதையைச் சொன்னான். பதினெட்டாம் நூற்றாண்டு ஊரையே அப்படியே வைத்துக்கொண்டு, பாவாடை கட்டிய சீமாட்டிகளும் கொல்லரும் தச்சரும் வேடமிட்டு நடக்கும் இடம் அது. அந்தக் காலத்தில் அவ்வூரில் ஏறத்தாழ பாதிப்பேர் கறுப்பு அடிமைகள். ஆனால் பல பத்தாண்டு வேடம் கட்டிக் கதை சொன்னவர்கள் பெரும்பாலும் வெள்ளையர். 1979இல்தான் அடிமைகளின் கதையைச் சொல்லக் கறுப்பினக் கலைஞர்களை எடுத்தார்கள். 1994 அக்டோபரில் ஓர் அடிமை ஏலத்தை அப்படியே நடித்துக் காட்டினார்கள். அவமானம் என்று சிலர் மறித்து நின்றார்கள். நடிப்பு முடிந்ததும் எதிர்த்தவர்களில் ஒருவர் மனம் மாறினார் என்றும் சொல்வார்கள். “யார் வேசம் போடுறான் எண்டதுதான் மாமா சரித்திரம். மற்றதெல்லாம் உடுப்பு.”

பையன் பெரிய வார்த்தை பேசுகிறான் என்று தோன்றினாலும் விசயம் சரி. இந்தக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் எந்த நாளிலும் ஒரு கைப்பிடி ஆட்கள்தான். அவர்கள் தின்ற அரிசி படுவான்கரையில் விளைந்தது. தோணியில் ஏற்றி வந்தவன் நம்மவன், மதிலுக்குக் கல் சுமந்தவன் நம்மவன், வாசலில் நின்று அவர்கள் பேச்சை இவர்களுக்கும் இவர்கள் பேச்சை அவர்களுக்கும் மாற்றிச் சொன்ன துபாசியும் இந்த மண்ணில் பிறந்தவனாகத்தான் இருந்திருப்பான். உள்ளே இருந்தவனுக்கு வெளியே நடப்பது தெரியாது, வெளியே இருந்தவனுக்கு உள்ளே நடப்பது தெரியாது. நெல் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறவனுக்கு இரண்டும் தெரியும். வேடம் கட்டுவதானால் அந்தத் தோணிக்காரனின் வேடம் கட்ட வேண்டும். உடுப்புக்கும் செலவில்லை, ஒரு சாரமும் தோளில் ஒரு துண்டும் போதும். உல்லாசப் பயணிகள் படம் எடுப்பார்களா என்பது வேறு விசயம்.

இன்னொரு ஆளும் உண்டு. மட்டக்களப்பின் பறங்கியர், அந்த ஐரோப்பியரின் கலப்பு வழித்தோன்றல்கள். கோட்டையில் ஒல்லாந்தர் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்தும் அவர்களின் பேச்சு இங்கே ஒட்டவில்லை. பத்தே ஆண்டு கோட்டையை வைத்திருந்த போர்த்துக்கேயரின் பேச்சு, கலந்தும் சிதைந்தும், இந்த நகரத்துப் பறங்கியர் சில வீடுகளில் இன்றும் புழங்குகிறது. தச்சும் இரும்பு வேலையும் தையலும் அவர்களின் கைத்தொழில்கள். கலியாண வீட்டில் வயலினோடு கஃப்ரிஞ்ஞா ஆடுவார்கள். டச்சுப் பார் கரையில் வாழ்ந்த அவர்களில் பல குடும்பங்களைச் சுனாமி கொண்டுபோனது. இந்தக் கோட்டையைப் பற்றிச் சொல்ல அவர்களைவிட உரித்தான ஆள் யார்? ஆனால் ‘வந்தவன்’, ‘இருந்தவன்’ என்று இரண்டே கட்டம் போட்டு எழுதும் சரித்திரத்தில் அவர்கள் எந்தக் கட்டத்திலும் அடங்குவதில்லை. அதனால் விட்டுவிடுகிறோம்.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. காத்தான்குடிவரை நின்றுகொண்டே மருமகன் கணக்குப் போட்டான். கிழக்குக் கரைக்கு உல்லாசப் பயணிகள் வருவது சித்திரையிலிருந்து புரட்டாதிவரை. பாசிக்குடாவிலிருந்து அறுகம்குடாவுக்குப் போகிறவர்கள் இந்த வழியால்தான் போகிறார்கள். கனடாவின் கோடை விடுமுறையும் அதே மாதங்கள்தான். மாரியில் மழையும் வெள்ளமும், அப்போது யாரும் வரமாட்டார்கள். ஆகவே கோடை வேலையாக இதை நடத்தலாம், பல்கலைக்கழகப் பிள்ளைகளை வைத்து. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தமிழில், பின்நேரம் மற்றவர்களுக்கு.

அன்று இரவு முன் விறாந்தையில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர் எங்கள் உறவில் ஓர் அண்ணாவியார். படுவான்கரையில் கூத்துப் பழக்கி வயது போனவர். யோர்க் கோட்டையில் பிள்ளைகளை எப்படிப் பழக்குகிறார்கள் என்று மருமகனிடம் துருவித் துருவிக் கேட்டார். முதலில் வாசிக்கக் கொடுப்பார்கள், பிறகு பழைய ஆட்களோடு நிறுத்திவைப்பார்கள், அணிவகுப்புப் பழக்குவார்கள், உடுப்பு அளவெடுப்பார்கள், கடைசியில் சனத்துக்கு முன் விடுவார்கள் என்றான். அண்ணாவியாருக்கு அதில் ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. கூத்திலும் முதலில் சட்டங்கொடுத்தல். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று குரலையும் உடம்பையும் பார்த்துத் தீர்மானித்துப் பாட்டெழுதிய ஏட்டைக் கையில் கொடுப்பது. பிறகு கிழமைக்கூத்து, சதங்கை அணிவது, அடுக்குப் பார்ப்பது, கடைசியில்தான் அரங்கேற்றம். பல மாத வேலை. பகலில் வரம்பு வெட்டியவன் இரவில் தருமனாகவும் வீமனாகவும் வட்டக்களரியில் நிற்பான், விடியும்வரை. காசு வாங்குவதில்லை.

“அங்க கட்டியகாரன் இருக்கானா மனே?” என்று கேட்டார்.

மருமகனுக்குக் கட்டியகாரனைத் தெரியாது. நான் விளங்கப்படுத்தினேன். அரசன் களரிக்கு வருவதற்கு முன் வந்து, அரசன் வருகிறான் என்று அறிவிக்கிறவன். அரசனுக்கு அடங்கியவன், ஆனால் சனத்தின் பக்கம் திரும்பி அரசனையே கிண்டலும் பண்ணுவான். கூத்துக்குள்ளும் நிற்பான், வெளியேயும் நிற்பான்.

“அதுதான் மாமா என்ர வேலை,” என்றான் அவன், கதிரையை விட்டு எழும்பி. “அங்க என்னை எல்லாரும் சிப்பாய் எண்டு நினைக்கிறாங்க. நான் இதுதான்.”

பிறகு எனக்குப் பேச இடம் கிடைக்கவில்லை. தோணிக்காரனையே கட்டியகாரன் ஆக்குவதென்று முடிவாயிற்று. அவன் நெல் மூட்டையோடு வாசலுக்கு வந்து, இன்னார் வருகிறார் என்று ஒவ்வொருத்தனையாக அறிவிப்பான். போர்த்துக்கேயன், கண்டியரசன், ஒல்லாந்தன், கடைசியில் சிவப்புச் சட்டை. வரவு கூத்தின் இரண்டு பாணிகளில் எந்த மோடியில் என்பதில் சிக்கல் வந்தது. சண்டைக் கதை என்றால் வடமோடிதான் பொருந்தும் என்றேன். அண்ணாவியார் ஒத்துக்கொள்ளவில்லை. கண்டியரசனுக்கு வடமோடி வரவு சரி, ஒப்பந்தம் எழுதிவிட்டு மாற்றிச் சொன்ன ஒல்லாந்தனுக்குத் தென்மோடியின் நுணுக்கமான தாளக்கட்டுத்தான் தோது என்றார். ஒரே களரியில் இரண்டு மோடியா என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான்.

அண்ணாவியார் அசையவில்லை. “மறுகா யோசிப்பம்,” என்றார். “நீ முதல்ல அந்தத் தோணிக்காரனுக்கு நாலு வரி எழுதிக் கொண்டா மனே. வேசத்துக்கு வேசம் சட்டம் பிரிச்சுத் தாறன். சல்லாரி என்னட்டக் கிடக்கு. மத்தளத்துக்கு அம்பிளாந்துறையில ஆள் இருக்கு, பாதையில ஏறி வருவான். மற்றது, கம்பளிச் சட்டை வேணாம். ஆடி வெயிலுக்கு இஞ்ச ஒருத்தனும் போடமாட்டான்.”